ஜெப நேரத்தில் உறைந்த மெஷின்

எனக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்த மெஷின் உறையத் தொடங்கியது. இரணியல் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர்களைக் கவனிக்க அங்கே நான் ஒருத்திதான். ஒப்பந்த வேலை. பிரசவத்துக்கு மூன்று மாதம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். நிர்வாகி வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு, "முதல்ல மெஷினைச் சரியாக்கு. பொறவு பாப்போம்" என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் லேபிலிருந்து வார்டுக்குப் போவது ஒரு விர்ச்சுவல் மெஷின் வழியாக. அதாவது, ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே அமைத்த இன்னொரு கம்ப்யூட்டர். அதில் ஓடியது அரதப்பழசான லினக்ஸ் இயங்குதளம். லேப் மென்பொருளை விற்றவர்கள் அதைத்தான் ஏற்றிக் கொடுத்தார்கள். மாற்றினால் தாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் காலை எட்டரைக்கு ஜெபம். நான் போவதில்லை. அந்த நேரத்தில் மாடியில், அந்தப் பெரிய கம்ப்யூட்டர் இருக்கும் சர்வர் அறையில் உட்கார்ந்து, மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். பிறகு, எல்லோரும் ஜெபத்துக்கு வந்தாக வேண்டும் என்று நிர்வாகி உத்தரவு போட்டார். போனேன். அந்த வாரமே மெஷின் உறைய ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை.

ஜெபம் முடிந்ததும் லேபில் வேலை பார்க்கும் அக்காவிடமிருந்து போன் வரும். "ஏட்டி, ஒனக்க மெஷின் செத்துப்போச்சு. டாக்டர் கெடந்து கத்துகாரு. ஓடி வா."

"ஓடவா? எனக்க வயித்தைப் பாத்தியளா அக்கா?"

"அப்ப உருண்டு வா."

இரண்டு மாடி ஏறுவேன். திரையில் ஒரு பிழைச் செய்தியும் இருக்காது. வேலை அதிகமாகித் திணறினால் புரியும். இது சும்மா நின்றது. ஆத்திரத்தில் எண்டரைப் பத்துப் பதினைந்து தடவை குத்துவேன். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்துவிடும். நான் ஒன்றையும் சரிசெய்யவில்லை. ஆனால் கைராசிக்காரி என்று பேராகிவிட்டது.

நினைவகத்தைக் கூட்டினேன். டிஸ்கைச் சோதித்தேன். கடிகார அமைப்பை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் டெங்கு காய்ச்சலில் கிடந்த குழந்தையின் ரத்த முடிவு வார்டுக்குப் போகாமல் நின்றது. அக்கா தாளில் எழுதிக்கொண்டு ஓடினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிர்வாகி கூப்பிட்டார். "நீ கைய வச்சா ஓடுது, எடுத்தா நிக்குது. நான் எத்தனையோ ஆளுவளைப் பாத்தவன், கேட்டியா."

"நானே செஞ்சு வச்சிருக்கேன்னு சொல்லுகீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல. நீதான் சொல்லுக."

வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். அழுகையைவிட ஆத்திரம் அதிகம்.

எட்டாவது மாதம் கால் வீங்கிவிட்டது. மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் உறைந்தபோது லேப் கம்ப்யூட்டரில் இருந்தே நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்தேன். தட்டினேன், தட்டினேன், உயிர் வரவில்லை. என் கைதான், என் தட்டல்தான், ஆனால் பலிக்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாகக் குத்துவதை நிறுத்திவிட்டு, அந்த மென்பொருள் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தேன்.

அது எண்களுக்காகக் காத்திருந்தது. வார்டுக்குப் போகும் தகவலுக்குப் பூட்டுப் போட யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். பழைய லினக்ஸ் அவற்றைப் பெரும்பாலும் மனிதர்களிடமிருந்து சேர்க்கும். விசைகளைத் தட்டும் இடைவெளி, மவுஸ் அசையும் விதம், இப்படி. கையிருப்பு தீர்ந்தால் மறுபடி சேரும்வரை மென்பொருள் நின்றுவிடும். விர்ச்சுவல் மெஷினுக்குச் சொந்தமாகக் கீபோர்டு கிடையாது. மாடியில் அதைத் தாங்கும் சர்வரின் முன்னால் உட்கார்ந்து தட்டினால்தான் அது உள்ளே போய்ச் சேரும்; நெட்வொர்க் வழியாகத் தட்டுவது கணக்கில் வராது. தினமும் காலையில் நான் தட்டித் தட்டி அதற்குத் தீனி போட்டிருக்கிறேன். ஜெபத்துக்கு என்னை இழுத்ததும் பட்டினி.

காத்திருக்காத இன்னொரு வழியிலும் அதே எண்களை எடுக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. ஐந்து நிமிட வேலை.

நான் உடனே அதைச் செய்யவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். தானாக ஓடுகிற மெஷினுக்கு ஆள் எதற்கு? போனவள் போனவள்தான் என்று விட்டுவிடுவார்கள். ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அந்த டெங்குக் குழந்தையின் நினைப்பு வந்தது. உட்கார்ந்து வரியை மாற்றினேன்.

மறுநாள் ஜெபத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. முடிந்ததும் அக்காவின் பின்னாலேயே லேபுக்குப் போனேன். முடிவுகள் போய்க்கொண்டிருந்தன. நிர்வாகி எட்டிப் பார்த்தார்.

"யாரு கைய வச்சா?"

"ஒருத்தரும் வைக்கல்ல."

மூன்று நாள் பார்த்த பிறகுதான் என் லீவுத் தாளை வெளியே எடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டே, "திரும்பி வரும்போ இடம் இருக்குமான்னு இப்ப சொல்ல முடியாது, பாத்துக்க. இப்பதான் அதுவே ஓடுதே" என்றார்.

"ஒரு வரி மாத்தினதுலதான் ஓடுது. எந்த வரின்னு எனக்குத்தான் தெரியும். திரும்ப மாத்த அஞ்சு நிமிசம் போதும்" என்றேன்.

மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் என்னைப் பற்றி அவர் நினைத்து வைத்திருந்தது வேறு. அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படவில்லை.

நிர்வாகி அந்தத் தாளிலேயே, லீவு முடிந்ததும் அதே வேலை என்று தன் கையால் எழுதினார். லீவை இரண்டு மாதம் என்று போட்டிருந்தார். அடித்து மூன்று என்று திருத்தும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.