தாஸ்யாவுக்கு விட்டுவைத்த பூனை

கோமெல் நகரத்தில் டிராலி பஸ் ஓட்டிய தாஸ்யாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அப்படிப்பட்டவளைப் பிடித்து, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று மகப்பேறு மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். அது எண்பத்து நான்காம் வருடம். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது, ஐந்தாம் மாதம். இதுவும் போனால் இனிமேல் கிடையாது என்று பெரிய டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதமாகப் பேச அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். கணவன் லியோன்யா ஜன்னலுக்குக் கீழே நிற்பான். பக்கத்துக் கட்டில் கிளாவா கயிற்றில் பையைக் கட்டி இறக்கி, அவன் கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கை மேலே இழுப்பாள். கிளாவா கடைத்தெருவில் மீன் விற்பவள், அவளுக்கு எழுந்து நடக்க அனுமதி உண்டு.

நான்காம் நாள் தாஸ்யா ஒரு சீட்டு எழுதிக் கிளாவாவிடம் நீட்டினாள். 'என்னை வந்து கூட்டிக்கொண்டு போ.'

கிளாவா படித்தாள். "கயிறு இன்னிக்கு மேலதான் வரும்டி, கீழ போகாது."

"குடுடி. இப்படியே கிடந்தா பைத்தியம் பிடிச்சிரும் எனக்கு."

மூலைக் கட்டிலில் இருந்த ரிம்மா லவோவ்னா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துபவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டை அவகிட்டயே குடு கிளாவா. பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? எழுதிக்கோ தாஸ்யா: மின்நிலையம்."

அவர்கள் பேசும் ருஷ்ய மொழியில் அது பதினான்கு எழுத்து. அந்த எழுத்துகளை மாற்றிப் போட்டுச் சின்னச் சின்னச் சொற்கள் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எல்லோரும் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருத்தி எழுதிய சொல் உன் தாளிலும் இருந்தால் இரண்டு பேரும் அடித்துவிட வேண்டும். யாருக்கும் தோன்றாதது மட்டும்தான் புள்ளி.

பூனை, மூக்கு, காடு, கோடை என்று எழுதினாள் தாஸ்யா. அவர்கள் மொழியில் எல்லாம் மூன்று நான்கு எழுத்துதான், நீளமான சொல் எதிலும் அநேகமாக ஒளிந்திருக்கும். அத்தனையும் அடிபட்டுப் போயின. மறுநாள் வேறு சொல், அதிலும் சைபர்.

"போங்க, நீங்களும் உங்க ஆட்டமும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆட்டத்தின் மூன்றாம் நாள் பூனை தப்பியது, மூக்கும் தப்பியது. இரண்டு புள்ளி! தாஸ்யா அதை ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னாள், தரை துடைப்பவளிடம் சொன்னாள். அதற்கப்புறம் காலையில் கண் விழித்தால் வயிற்றைத் தடவிப் பயப்படுவதற்கு முன்னால், இன்றைக்கு என்ன சொல் தருவார்களோ என்ற நினைப்புதான் வந்தது. அப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ரிம்மா லவோவ்னாவைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோன அன்று அவருடைய நோட்டு கட்டிலிலேயே கிடந்தது. தாஸ்யா அதை எடுத்துத் தரச்சொல்லிப் புரட்டினாள். முதல் இரண்டு நாளும் பூனை இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து இல்லை. அறுபது நாளில் ஒரு பூனை, ஒரு மூக்கு கிடையாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிளாவாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கிட்டுப் போனப்ப டீச்சர் சொன்னாங்க" என்றாள் கிளாவா. "சின்னதெல்லாம் அவளுக்கு விட்டுரலாம், இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருவான்னு. அவங்களுக்கென்ன, படிச்சவங்க, நீளம் நீளமா எழுதுவாங்க. எனக்குத் தெரிஞ்சதே பூனையும் மூக்கும்தான். ரெண்டு மாசமா நான்தான்டி கடைசி."

தாஸ்யா அழுதாள். எழுந்து போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லை. படுத்தபடியே கையை நீட்ட, கிளாவா வந்து பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல அன்று வார்த்தை கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை என்பாள் தாஸ்யா.

ஒன்பதாம் மாதம் பெண் பிறந்தது. தாஸ்யா அதற்கப்புறம் இருபது வருடம் பஸ் ஓட்டினாள். இப்போது எழுபது வயது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மகள் ஆஸ்யாவோடு அதே ஆட்டம் ஆடுவாள். அந்தக் கதையை மகளிடம் மட்டும் சொன்னதில்லை.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உன் கண்ணுல பூனை படலையா?" என்று ஆஸ்யா சிரிப்பாள். "இந்த வாரமும் எனக்கே."

"எழுதிக்கோ" என்பாள் தாஸ்யா. "அது உனக்காக விட்டுவச்சதுதான்."