லிஃப்டில் சேற்றோடு நின்ற சுவிஸ்காரர்

2016 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, தேநீர் குடித்து, நாட்குறிப்பில் வெப்பநிலையை எழுதிவிட்டு, மலைச் சைக்கிளில் சுவிஸில் எங்கள் ஊரான ஊஸ்டரின் காட்டுப் பக்கம் போனேன். மகள் விரும்பிய பையனின் பெற்றோர் அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சொன்ன நேரம் மூன்று மணி. ஆனால் பனி உருகிய பாதையில் சில்லுகள் புதைந்து, வீடு திரும்பவே மூன்று மணியாகிவிட்டது. சேறு தெறிக்காமல் தடுக்கும் மட்காட்டை, பாரம் என்று சைக்கிள் வாங்கிய முதல் வாரமே கழற்றியிருந்தேன். அதனால் சேறு முகம்வரை அப்பியிருந்தது.

லிஃப்டில் பட்டுச் சேலையும் பழத்தட்டுமாக ஒரு தம்பதி ஏறினார்கள். மகள் காட்டிய புகைப்படத்தில் பார்த்த அதே முகங்கள், பையனின் பெற்றோர். சேறு மூடிய முகத்தில் என்னை அடையாளம் தெரியாது என்ற துணிவில், சுவிஸ்காரரைப் போல "குரூயெட்சி" என்று வணக்கம் சொன்னேன்.

"இந்த வெள்ளைக்காரனை அவற்ற மனுசி வீட்டுக்குள்ள விடுவாவோ?" என்று கணவர் மனைவியிடம் தமிழில் கேட்டார்.

"மெல்லக் கதையுங்கோ."

"அவருக்கு என்ன விளங்கவே போகுது."

எங்கள் மாடியில் அவர்கள் இறங்கியதும் நான் ஒரு மாடி மேலே போய், அவர்கள் வீட்டுக்குள் போகும்வரை நின்று, படியால் இறங்கி வந்தேன். மனைவி கதவைத் திறந்து, "இதென்ன கோலம்? சம்பந்தி ஆக்கள் வந்திட்டினம்" என்றாள். சோபாவிலிருந்து பையனின் அப்பா எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குரூயெட்சி" என்றார்.

அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தார்.

இப்போது லிஃப்டில் தமிழரைக் கண்டால் தமிழிலேயே வணக்கம் சொல்கிறேன். அன்றைக்கு மறுநாள் காலை முதல் வேலையாக மட்காட்டைத் திரும்பச் சைக்கிளில் பூட்டினேன். அடுத்த வேலை, லிஃப்டைக் கழுவியது.