முசேயின் இடது கால்

நாளிதழ் வேலை போன பிறகு புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு ரோபோ கூடத்தில் சேர்ந்தேன். இரண்டு கால் ரோபோவுக்குப் பெத்தாங்க் பழக்குகிறார்கள். வட்டத்துக்குள் நின்று இரும்புக் குண்டை எறிந்து, தள்ளிக் கிடக்கும் சிறிய மரக்குண்டுக்கு அருகே விழச் செய்கிற ஆட்டம். எறிந்த குண்டு தரையைத் தொடும்வரை பாதம் எழக் கூடாது.

ரோபோ பார்த்துக் கற்பதற்காக ஒருவர் எறிந்து காட்டினார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்ப் பெத்தாங்க் கிளப்பின் நடுவர். எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் 'ஐயா'. அவருடைய வீடியோக்களைப் பார்த்து, குண்டு கிட்டே விழுந்தால் 'சரி', விலகி விழுந்தால் 'தவறு' என்று குறிப்பது என் வேலை. அந்தக் குறிகளை வைத்துத்தான் ரோபோ கற்றது. நாள் முழுக்க அதே கை, அதே குண்டு. மதியத்துக்கு மேல் கண் எரியும்.

இரண்டாம் நாளே கவனித்தேன். குண்டு கையை விட்டதும் முசேயின் இடது பாதம் ஒரு விரல் உயரம் எழுந்து, குண்டு விழுமுன் பதிந்துவிடும். அதைக் குறிக்கப் பட்டியலில் இடமில்லை. நடுவரிடமே போய்ச் சொல்லவும் மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

பணம் போட்டவர்கள் ஒருநாள் கிளப் மைதானத்துக்கு வந்தார்கள். ரோபோ ஒழுங்காக ஆடாவிட்டால் மாதக் கடைசியில் கூடத்தை மூடுவதாக முன்பே சொல்லியிருந்தார்கள்.

ரோபோ எறிந்த குண்டு மரக்குண்டை உரசி நின்றது. கைதட்டினார்கள்.

"காலத் தூக்குச்சு முசே," என்றார் வைத்திக்குப்பத்து மீன் வியாபாரி. கிளப்பின் பழைய ஆட்டக்காரர். "நான் தூக்கியிருந்தா உட்ருப்பீங்களா?"

"இன்னொரு தபா போடச் சொல்லு," என்றார் முசே.

மறுபடி எறிந்தது. இடது பாதம் ஒரு விரல் எழுந்தது.

"அட, அப்படியே நம்ம முசே காலு!" என்று மீன் வியாபாரி சிரித்தார்.

முசே தன் செருப்பைப் பார்த்தார். "இத்தினி வருஷமா ஏன்யா ஒருத்தனும் சொல்லல?"

"நீங்கதான நடுவரு. யாரு சொல்றது?"

"செல்லாது," என்றார் முசே. "ரெண்டும் செல்லாது."

வந்தவர்கள் தனியே பேசிவிட்டு, ரோபோவின் காலைத் திருத்த இன்னும் ஒரு மாதம் தந்தார்கள்.

இப்போது பழைய வீடியோக்களை முதலிலிருந்து பார்க்கிறேன், இடது பாதத்தை மட்டும். தவறு, தவறு, தவறு. காலையில் முசே வந்து புதிதாக எறிகிறார்.

"எழுந்துச்சா?"

"எழுந்துச்சு முசே."

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடுத்த குண்டை எடுக்கிறார்.