சிஸ்டர் வளர்த்த மூக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்து கவுன்டரில் வரிசை வாசல்வரை நின்றிருந்த நேரம் மேலகரத்திலிருந்து போன் வந்தது. உலகம்மாள் சிஸ்டரின் அடுத்த வீட்டுக்காரர். "அண்ணாச்சி, சிஸ்டர் வீட்டு நாய் விடிஞ்சதுல இருந்து கெடந்து கத்துது. கதவத் தட்டுனேன், ஒரு சத்தமும் இல்ல. கொஞ்சம் வாங்களேன்" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். சிஸ்டர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே போயிருந்தார். எத்தனையோ பேரின் கையைப் பிடித்து வழியனுப்பியவர், தன் கையைப் பிடிக்க ஒருவரையும் கூப்பிடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையில் அவர் அறுவை சிகிச்சை வார்டின் செவிலியர், நான் மருந்தாளுநர். அவருக்கு என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் அதிகம். நான் சேர்ந்த வாரம், மருந்துப் பெட்டியோடு அவர் பின்னால் வார்டுக்குள் போனேன். வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார். "அஞ்சாம் பெட் கட்டப் பிரிங்க. புண்ணு கெட்டுப் போச்சு" என்றார். காலையில்தான் டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார். கட்டைப் பிரித்தபோது சிஸ்டர் சொன்னதுதான் சரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "கணேசா, நீ காலையில சாப்பிடாம வந்திருக்க. வாய் நாறுது. போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாலே." வார்டே சிரித்தது. அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூக்கைத்தான் கொரோனா கொண்டுபோனது. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது கொரோனா வார்டில் வேலை பார்த்துக் காய்ச்சலில் விழுந்தார். பிழைத்து வந்தார், ருசிகூட ஓரளவு திரும்பியது, வாசனை மட்டும் வரவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நாய் வாங்கப் போவதாகச் சொன்னார்.

"நல்லது சிஸ்டர். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் நமக்குப் பக்கத்துலதான" என்றேன்.

"அதெல்லாம் கண்ணால பாத்து ஓடுத சாதிலே. எனக்கு மோந்து பாத்து நடக்குத நாய் வேணும். என் மூக்குதான் போயிட்டுல்லா."

அவர் சொன்னது பாசெட் ஹவுண்ட். மோப்பத்துக்கென்றே வளர்க்கப்பட்ட வெளிநாட்டு இனம், எங்கள் பக்கம் அதுவரை நான் கண்டதில்லை. சாண் உயரக் கால், நீளமான உடம்பு, தரையைப் பெருக்கும் காது, இழவு வீட்டிலிருந்து வந்தது போன்ற முகம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவரிடம் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, முணுமுணுத்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலில் தாய் நாயைக் காட்டச் சொன்னார். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு குட்டியின் இமையையும், காதின் உட்புறத்தையும், முன்னங்கால்களையும் பார்த்தார். பிறகு வேகவைத்த ஈரல் துண்டை முற்றத்தில் வளைத்து வளைத்துத் தேய்த்து ஒரு கோடு போட்டார். எல்லாக் குட்டிகளும் பாதியில் விளையாடப் போய்விட்டன. ஒன்று மட்டும் தலையைத் தூக்காமல் கடைசிவரை போனது. அதற்குமேல் கோடு இல்லை என்றதும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடியும் ஆரம்பித்தது. "இதுக்கு வேலை தெரியுது" என்று அள்ளிக்கொண்டார். அதன் நடையைப் பார்த்து ஜமீன் என்று பெயரும் வைத்தார்.

ஜமீனைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். காது சோற்றில் விழாதபடி வாய் குறுகிய பாத்திரம். நீண்ட முதுகு நோகாதபடி வாசற்படிமேல் சாய்வாக ஒரு பலகை. எவ்வளவு கெஞ்சிப் பார்த்தாலும் அளவுக்கு மேல் ஒரு பிடி கிடையாது. வாசனை பிடித்துவிட்டால் கூப்பிடும் குரல் அவன் காதில் ஏறாது என்பதால் வெளியே போனால் எப்போதும் கயிறு. ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. சாரல் காலத்தில் தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடிக்கும். அது முதலில் நாற்றமாகத்தான் தெரியும். அதனால் ஞாயிறுதோறும் எனக்கு ஆணை வந்தது: "கணேசா, வந்து காத மோந்து பாத்துட்டுப் போ."

நாய் என்றாலே ஒதுங்கிப் போகிற நான், மண்டியிட்டு நாயின் காதுக்குள் மூக்கை விட்டேன். என் மனைவி செல்வி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கூட்டமில்லாத காலைகளில் ஐந்தருவிப் பக்கம் சிஸ்டரும் ஜமீனும் நானுமாக நடந்திருக்கிறோம். ஜமீன் ஓரிடத்தில் நின்றால் சிஸ்டரும் நிற்பார். "அங்கன என்ன வாசம்லே?" என்று என்னைக் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் விடமாட்டார், நன்றாக மோந்து பார்க்கச் சொல்வார். பலாச்சுளை, ஈரப்பாறை, மசாஜ்காரர்களின் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நிற்பார். அந்த முகத்தை நினைத்தால் எழுத்து ஓடவில்லை.

ஒரு தப்புச் செய்தேன். ஒரு சாரல் காலத்தில் மழைக்குச் சோம்பல்பட்டு வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்துட்டேன் சிஸ்டர், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் ஜமீன் தலையை உதறி உதறிக் காது மடல் ரத்தம் கட்டி வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் கீறித் தைத்தார். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு மூக்கு இல்ல. உனக்கு இருக்குல்லா? அத வச்சிக்கிட்டுப் பொய் சொல்லாத" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடல் வெளியேறியதும் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துத் திரும்பும்போது வீடு முழுக்க பினாயில் மணந்தது. பாய், தலையணை, உடுத்திய சேலை எல்லாம் போயிருந்தன. ஜமீன் தரையில் மூக்கை வைத்துச் சுவர் சுவராகப் போனான், தும்மினான், மறுபடியும் போனான். வெறும் கட்டிலின் நாலு காலையும் முகர்ந்துவிட்டு எங்களைப் பார்த்தான். யாரும் தவறு செய்யவில்லை, முறைப்படி செய்தார்கள். ஆனால் அவனுக்கு சிஸ்டர் இரண்டாவது முறை போனது அந்த மத்தியானம்தான்.

அன்றிலிருந்து அவன் சாப்பிடவில்லை. சிஸ்டரின் தம்பி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், என்னிடம் யோசனை கேட்டார். "சுந்தரபாண்டியபுரத்துல நம்ம பயலுக்குத் தோட்டம் இருக்கு. காவலுக்குக் கட்டிப் போட்டா என்ன?" திறந்தவெளியில், மழையில், காதைப் பார்க்க ஆளில்லாத இடத்தில். ஆனாலும் செல்வி என்ன சொல்வாளோ என்று, நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லத் துணியவில்லை. நான்காம் நாள் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் கஷ்டம் என்றார்.

"அவங்க கட்டுன துணி ஒண்ணாவது இருக்கா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாம் ஆத்தோட போயிட்டே அண்ணாச்சி" என்று அந்த அம்மா அழுதுவிட்டார்.

வெளியே வந்து நின்றேன். தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய ஸ்கூட்டர். சாவி வாங்கி சீட்டைத் தூக்கினால், உள்ளே ஹெல்மெட். ஹெல்மெட்டைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. ஜமீன் முன்னால் வைத்தேன். மூக்கை உள்ளே விட்டான். வால் ஒருமுறை அசைந்தது. அப்படியே தலையைப் புதைத்துப் படுத்துக்கொண்டான். வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் வைத்த தயிர்ச்சோற்றை நக்கினான். நான் தம்பியிடம் போய், "நாய் என் வீட்டுக்கு வரட்டும்" என்றேன். செல்வியிடம் போனில் சொன்னேன். "ஒரு மாசம் பாப்பம்" என்றாள்.

அந்த ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. செல்வி எதுவும் கேட்கவில்லை, அவனுடைய சோற்றுக்கு அவளே அளவு வைக்கிறாள். இத்தனை நாளும் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன், நாலைந்து நாளாக என் செருப்பின்மேல் படுக்கிறான். ஹெல்மெட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் இனி அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லையோ, அல்லது அவன் தேறிவிட்டானோ, எனக்குத் தெரியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் நான்தான் அதை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். தேங்காயெண்ணெயும் தைலமும் லேசாக இன்னும் இருக்கின்றன. சென்று வாருங்கள், சிஸ்டர்.