சத்தம் போடுகிற பிள்ளையோடு பலெர்மோ

புதன்கிழமை, நண்பகல்.

பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கியதும் என் மகள் ஆரணி செய்த முதல் வேலை, பெட்டிகள் வருகிற இடத்தில் நின்று முழுக் குரலில் கூவியது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் நீளமாக ஒரு கூவல்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். இது சந்தோஷக் கூவல். பெட்டிக்குக் காத்து நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி சுதனின் கலியாணத்துக்காக வந்திருக்கிறோம். இவளைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று சொல்லாத ஆள் இல்லை. விமானத்தில் என்ன செய்வாய், வெயிலில் என்ன செய்வாய், சபையில் என்ன செய்வாய் என்று தொலைபேசி சூடாகும்வரை கேட்டார்கள். ஒருத்தி, பிள்ளையை ஒரு கிழமைக்கு எங்கேயாவது விட்டுவிட்டு வா என்றாள், ஏதோ பூனைக்குட்டியை விடுகிற மாதிரி. வேலையில் லீவு கிடைக்காத என் கணவர் மட்டும்தான், "ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ, அந்த ஊரும் இவளின்ரை சத்தத்தைக் கேக்கட்டும்" என்றார்.

நாங்கள் ஊர் சுற்றாத குடும்பம் இல்லை. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் இருக்கிறோம். அங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் சிற்றூர்க்காரர்கள் எதையாவது பூதாகரமாகச் செய்து வைத்திருப்பார்கள். கான்சஸில் ஒரு ஊரில் வீட்டளவு சணல் நூலுருண்டை. எங்களுக்கு மேற்கே நூறு மைலுக்குச் சற்று அப்பால் கேசி என்ற ஊரில், அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆடுகதிரை, ஏறி உள்ளே நிற்கக்கூடிய தபால்பெட்டி, கயிற்றை இழுத்தால் ஊரே கேட்கிற காற்றுமணி. பிள்ளை உள்ளவர்கள் விடுமுறைக்குப் போகிற இடங்கள்தான். மற்றவர்கள் சிரிப்பதற்குப் போவார்கள். நாங்கள் போவது வேறு காரணத்துக்காக. அங்கே வரிசை இல்லை, "அமைதி காக்கவும்" என்ற பலகை இல்லை. ஆரணி வாகனத் தரிப்பிடத்தில் நின்று கூவுவாள். சாலையோரத்தில் நிற்கிற ராட்சதப் பிளாஸ்டிக் மாடு முறைத்துப் பார்க்காது. ஒருமுறை அருங்காட்சியகத்தில் இருபது நிமிடத்தில் எங்களை வெளியே அனுப்பியவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் ஓடுகிற அந்த மைல்கள்தான்.

விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீற்றர், சுதன் காரில் கூட்டிப்போனான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலைகள். ஒரு மலைச்சரிவில் சின்ன வெள்ளைக் கட்டடம், அதன்மேல் சாலையில் போகிற எல்லோரும் வாசிக்கிற அளவில் எழுத்து.

"என்னடா அது?"

"மாஃபியா வேண்டாம் எண்டு எழுதியிருக்கினம். இந்த ரோட்டிலைதான் ஒரு நீதவானைக் குண்டு வைச்சுக் கொலை செய்தவங்கள்."

வேண்டாம் என்பதை இத்தனை பெரிதாக எழுதி வைத்த ஊர் எனக்கு உடனே பிடித்துப்போனது.

வியாழக்கிழமை, மாலை.

சுதன் இருப்பதும் நாங்கள் தங்கியிருப்பதும் போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். கீழே காய்கறி, மீன், மோட்டார் சைக்கிள், வாய்ச்சண்டை எல்லாம் ஒரே தெருவில். அவன் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறான். மணப்பெண் கௌரி, வயதான ஒரு இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கிறாள். யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளை. பெரியம்மாதான் வன்னியிலிருந்து இங்கே கொண்டுவந்து வளர்த்தவர். அந்தப் பெரியம்மா பயத்தம் உருண்டையோடு எங்களைப் பார்க்க வந்தார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ" என்று தொடங்கினார். நாம் குறை நினைக்கப்போகிற எதையும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். "தாலி கட்டுற நேரம் மட்டும் ஆரணிப் பிள்ளையை இஞ்சை விட்டிட்டு வாங்கோ. கீழ்வீட்டிலை ஒரு மொரிசியஸ்காரப் பொம்பிளை இருக்கிறா. எங்கடை ஆள்தான், சைவம். வடிவாப் பாத்துக்கொள்ளுவா."

"ஏன்?"

"அந்த நேரம் பிள்ளை கத்தினால் சனம் அபசகுனம் எண்டு கதைக்கும். கௌரிக்கு முந்தி ஒருக்கா நிச்சயம் பண்ணிக் குழம்பினது. இன்னொரு கதையை அவள் தாங்கமாட்டாள்."

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. பாவம், அவருடைய பயம் உண்மையான பயம். ஆனால் என் பிள்ளை அபசகுனம் இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. தாலி ஏறும்போது பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் அவள். சுதனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

"அம்மா, ஆரணி மண்டபத்துக்குள்ளை எண்டால் தோழியும் உள்ளுக்கை. ஆரணி வெளியிலை எண்டால் தோழியும் வெளியிலை. இதிலை கதைக்க ஒண்டும் இல்லை."

பெரியம்மா சுதனைப் பார்த்தார். அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போனபிறகு, "அக்கா, ரெண்டு மணித்தியாலம்தானே, கொஞ்சம் விட்டுக் குடுங்கோவன்" என்றான். நான் தூக்கி வளர்த்த தம்பி! எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அன்றைக்கு அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன், பேசவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை.

வீட்டில் இருந்தால் யாரையாவது கடித்துவிடுவேன் போலிருந்தது. ஆரணியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். கிழக்கே பதினைந்து கிலோமீற்றரில் பகேரியா என்ற ஊர். நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் பலகோனியா மாளிகை. அரக்கர் மாளிகை என்றுதான் இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். முன்பொரு காலத்தில் ஒரு பிரபு தன் மாளிகையின் சுற்றுமதில் முழுக்கக் கல்லில் விசித்திரங்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார். கூன் விழுந்தவர்கள், மனிதத் தலையுள்ள மிருகங்கள், வாத்தியம் வாசிக்கிற குள்ளர்கள், முகம் கோணியவர்கள். நல்ல குடும்பங்கள் வந்து போகிற வாசலில்! கேசியில் ஆடுகதிரை செய்தவர்களுக்கு இவர் ஒன்றுவிட்ட பாட்டனாக இருக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டு விற்ற பெண், கர்ப்பிணிகள் இந்தச் சிலைகளைப் பார்க்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் ஊரில் சொல்வார்களாம் என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரணி வயிற்றில் இருந்தபோது நான் எதைப் பார்த்தேன், எதைச் சாப்பிட்டேன் என்று என்னிடம் விசாரணை வைத்தவர்கள் எத்தனை பேர்!

ஆரணி மதிலோரமாக நடந்து ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் நின்றாள். அதன் முகம் எப்படிக் கோணியிருந்ததோ, அப்படியே தன் முகத்தைக் கோணினாள். பிறகு கூவினாள். தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் இயந்திரத்தை நிறுத்தினார். சரி, தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்து, மூக்கு உடைந்துபோன ஒரு சிலையைக் காட்டி, தானும் முகத்தைக் கோணிக் காட்டிவிட்டுப் போய்ப் புல்லை வெட்டினார். உள்ளே ஒரு மண்டபத்தில் கூரை முழுக்க மங்கிப்போன கண்ணாடித் துண்டுகள். ஆரணி தரையில் மல்லாந்து படுத்துத் தன்னைத் தேடினாள். நானும் பக்கத்தில் படுத்தேன். நாற்பத்திரண்டு வயதில் மாளிகைத் தரையில் படுத்திருப்பதற்கு எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

சனிக்கிழமை, காலை பத்து மணி.

சுதன் சமாதானம் பேச வந்தான். பல்லரோ சந்தைக்குப் போவோம், கலியாணச் சமையலுக்கு முருங்கைக்காய் வாங்க வேண்டும் என்றான். போகும் வழியில் மரீனா சதுக்கத்தில் ஒரு பெரிய மரம் காட்டினான். நம் ஆலமரத்தின் இனம்தான். விழுதுகள் தரையில் இறங்கிச் சுவர்போல நிற்கின்றன, சுற்றிவர இரும்பு வேலி. ஆரணி வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். சுதன் மணிக்கூட்டைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மணிக்கூட்டை மறைத்துக்கொண்டான்.

பல்லரோவுக்குள் நுழைந்தால் காது அடைக்கும். பொரித்த கடலைமாப் பணியாரத்தை ரொட்டிக்குள் வைத்து மூன்று யூரோவுக்கு விற்கிறார்கள். வாங்கினோம். ஒவ்வொரு கடைக்காரனும் தன் சரக்கை ராகம் இழுத்துக் கூவுகிறான், பக்கத்துக் கடைக்காரன் அதற்கு மேலே கூவுகிறான். ஒரு மீன்கடையில் வாள்மீனின் தலையை வெட்டி, வாள் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆரணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கையை உதறிக்கொண்டு, தெருவே கேட்க, மூச்சு முடியும்வரை கூவினாள்.

மீன்காரர் திரும்பினார். கறுத்து, தடித்த மனிதர். என் வாய் பழக்கதோஷத்தில் மன்னிப்புக்குத் தயாராகிவிட்டது. அவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அவளுடைய கூவலைவிட நீளமாக ஒரு கூவல் போட்டார். ஆரணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு திருப்பிக் கூவினாள். அவர் கூவினார். எதிரே தக்காளிக்காரன் சேர்ந்துகொண்டான். தொடைகறி தொங்கிய கடையிலிருந்து இன்னொரு குரல். வாங்க வந்தவர்கள் பையை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் பிள்ளைக்கு யாரோ பதில் சொன்னார்கள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். மீன் நாறுகிற தண்ணீரில் கால் நனைந்ததுகூடத் தெரியவில்லை.

மீன்காரர் சுதனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"காலமை ஏழு மணிக்கு இவளைக் கொண்டுவந்து விடட்டாம். தன்ரை தொண்டை கூவிக் கூவிப் போச்சுதாம்."

சொல்லிவிட்டுச் சுதன் சிரித்தான். சிரிப்பு நின்றதும் அவன் முகம் வேறு மாதிரி ஆனது. "அக்கா, நான் வியாழக்கிழமை கதைச்சது பிழை. பெரியம்மாவோடை நானே கதைக்கிறன். ஆரணிக்கு முன் வரிசையிலை கதிரை."

"அவ மாட்டன் எண்டால்?"

"எண்டால் நானும் வெளியிலை" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம்.

நகரத்துக்குத் தெற்கே ஒரு வாடகை மண்டபம். முந்நூறு பேர் இருப்பார்கள். பெரியம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் முன் வரிசையில் கதிரை போட்டிருந்தது. கீழ்வீட்டு மொரிசியஸ் அம்மாவையும் நான் அழைத்திருந்தேன். பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வதானால் மண்டபத்திலேயே பார்க்கட்டுமே! பட்டுச்சேலை கட்டி ஆரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேடையில் கௌரிக்குப் பின்னால் நின்றேன். வெளியே நான் பேசிய வீரம் வெளியேதான். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை சும்மா இருக்க வேண்டும் என்று நல்லூர் முருகனையே கும்பிட்டேன்.

மேளம் ஓய்ந்தது. ஐயர் தாலியை எடுத்துச் சுதனிடம் கொடுத்தார். தலைப்பாகையோடு அவன் எழுந்து நின்றான். ஐயர் கையை உயர்த்த வேண்டும், அதைப் பார்த்துக் கெட்டிமேளம் தொடங்க வேண்டும். தாலி ஏறுகிற நேரம் வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளம். ஆனால் ஐயருக்கும் மேளக்காரருக்கும் நடுவில் கமராக்காரர்கள் நான்கு பேர் மலைபோல நின்றார்கள்.

மாமன் எழுந்து நின்றதைக் கண்ட ஆரணி கூவினாள்.

சுவிஸிலிருந்து வந்திருந்த தவில்காரர் பாவம், அதுதான் சைகை என்று நினைத்துவிட்டார். கெட்டிமேளம் இடிபோல விழுந்தது. நாதஸ்வரம் பாய்ந்தது. முந்நூறு பேரும் அரிசியையும் பூவையும் எறியத் தொடங்கினார்கள். ஐயர் கை பாதி தூக்கியபடி வாயைப் பிளந்து நின்றார். சுதன் தாலியோடு என்னைப் பார்த்தான்.

"கட்டடா!" என்றேன்.

கட்டினான். மூன்று முடிச்சும் அந்த மேளத்துக்குள்ளேயே விழுந்தது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார், "முகூர்த்தத்துக்குள்ளைதான், ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மந்திரத்தை ஓடிப் பிடித்தார். பெரியம்மா கையில் கடைசிவரை பிடித்திருந்த பூவைப் பெண் மாப்பிள்ளைக்குப் பாதி எறிந்தார். மீதியை முன் வரிசைக்குப் போய் ஆரணியின் தலையில் போட்டார். என்னிடம் அப்போதும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, விமான நிலையம்.

இண்டியானாபொலிஸ் நல்ல ஊர்தான். வீடு பெரிது, பள்ளிக்கூடம் நல்லது, ஆரணிக்கு உதவிக்கு ஆள் உண்டு. இந்த ஊரில் தெரு அழுக்கு, லிஃப்ட் வேலை செய்யாது, எதற்கும் வரிசை கிடையாது. ஆனால் அங்கே நான் வெளியில் இறங்கினால் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்கிறவள். இத்தாலி மொழியில் அதற்கு என்ன சொல் என்று விசாரிக்காமலே திரும்புகிறேன். ஊருக்குப் போய் ஆங்கிலத்திலும் அதைக் குறைக்கப்போகிறேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

வழியனுப்ப வந்த கௌரியிடம், கலியாண வீடியோ எப்போது வரும் என்று கேட்டேன். ஆயிரம் சடங்கில் நானும் அவளும் தனியாகக் கதைத்ததே அப்போதுதான்.

"நேற்றுக் கமராக்காரர் ரெலிபோன் எடுத்தவர், மச்சாள். தாலி கட்டுற இடத்திலை ஒரு பிள்ளை கத்துற சத்தம் விழுந்திட்டுதாம், வெட்டி எடுக்கட்டோ எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனி?"

"அதை வெட்டினால் தாலியையும் சேர்த்து வெட்டுங்கோ எண்டன்."