டிக்கெட்டில் காணாத ஒன்றரை மணி நேரம்

கணக்கில் நான் புலி என்று எனக்கொரு நினைப்பு. துபாயில் நர்ஸாக இருக்கும் மனைவியிடம் எங்கள் கைக்குழந்தையைக் கொண்டுவிடப் போனேன். திருவனந்தபுரத்தில் பத்து மணிக்கு ஏறினால் பன்னிரண்டரைக்கு அங்கே இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருந்தது. இரண்டரை மணி நேரம்தானே, ஒரு குப்பிப் பால் போதுமென்று நினைத்தேன். துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது மண்டையில் ஏறவில்லை.

பாதி வழியில் பால் தீர்ந்தது. பால்பொடியோ சரக்கில் போட்ட பெட்டிக்குள் கிடந்தது. மகள் வீறிட்டு அழுதாள்.

பக்கத்து சீட்டில் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்திருந்த தேங்காய்ப்பட்டணத்து அக்கா, “இஞ்ச தா மக்கா, ரெண்டு பிள்ளைக்கும் பாலிருக்கு” என்று அவளை வாங்கித் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கடல் கலங்கலாகத் தெரிந்தது.

துபாய்க்கு எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களிடம் இப்போது நாலு மணி நேரம் என்கிறேன். அதில் ஒன்றரை, அந்த அக்கா தந்தது.