பட்டியில் மிச்சம் அஞ்சு

அன்னூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேரிடம் இருப்பதை ஒப்பிட்டு, யாரிடம் எத்தனை அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம். முன் வரிசைச் சிறுமியின் கையில் ஏழு புளியங்கொட்டை. பக்கத்தில் இருந்தவளிடம் நாலு.

"உன்கிட்ட எத்தனை அதிகம் கண்ணு?"

"ஏழுங்க டீச்சர்."

"ஏழுல நாலைக் கழிச்சுப் பாரு."

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "இவ என்கிட்டிருந்து எதையும் எடுக்கலீங்களே. அப்பறம் எதுக்குங்க கழிக்கோணும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஆடுகள் கதறும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்தச் சிறுமி வீட்டு ஆட்டுப்பட்டி. அவள் எழுந்து ஓடிவிட்டாள். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

பட்டிக்குள் நாலு தெருநாய்கள். ஒரு குட்டிக்குக் குடல் வெளியே சரிந்து கிடந்தது. அது இன்னும் எழுந்து நிற்கப் பார்த்தது. ஒரு நாய் சினையாட்டின் தொண்டையைக் கவ்வி உதறிக்கொண்டிருந்தது. சிறுமி அதன் வாலைப் பிடித்து இழுத்தாள். அது ஆட்டை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தது. ஓங்கி அதன் முதுகில் அடித்தேன். எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. மற்ற மூன்றும் ஓடிப்போயின. விழுந்த நாயால் நகர முடியவில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலையிலேயே திரும்பத் திரும்ப அடித்தேன். சிறுமியின் அம்மா வந்து என் கையைப் பிடித்தார்.

"போதும் உடுங்க டீச்சர். அது செத்துப்போச்சுங்க."

என் சேலையெல்லாம் ரத்தம். வேலியோரம் என் வகுப்பு மொத்தமும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு ஆடு அங்கேயே செத்துக் கிடந்தன. பிழைக்காது என்று தெரிந்த ரெண்டை அவள் அப்பா கத்தி எடுத்துவந்து அறுத்தார். பதினோரு ஆட்டில் அஞ்சுதான் மிச்சம். சிறுமிக்குக் கையில் நகம் கீறியிருந்தது. ஊசி போடக் கூட்டிப்போனார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். வந்ததும் சொன்னாள்: "டீச்சர், பழையபடி பதினொண்ணு ஆகோணும்னா இன்னும் ஆறு பொறக்கோணுங்க." ஆறு, ஏழு என்று பதினொன்று வரைக்கும் விரல் மடக்கி எண்ணிக் காட்டினாள்.

கரும்பலகையில் பதினொன்றிலிருந்து அஞ்சைக் கழித்து எழுதினேன். "இதுவும் கழித்தல்தான் அம்மணி."

"நான் கூட்டித்தானுங்க பாத்தேன்."

"அப்படியும் பாக்கலாம். வந்து எழுது."

சாக்பீஸைக் கொடுக்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று குனிந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை. ஆனாலும் வருஷம் முடியும்வரை, நான் கையைத் தூக்கினால் அவள் அப்படித்தான் செய்தாள்.